முதல் சொட்டை யார் வைப்பது?

அனுபவக் கட்டுரை என்றால் ஓய்வு பெற்றவர் எழுத வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. தலை நரைக்கவில்லை. மடியில் இரண்டாவது பிள்ளை தூங்குகிறான். ஒரு பத்தி எழுதி முடித்ததும் அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போகிறேன்.

ஆனால் செஞ்சியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பிரசவ வார்டுப் பெண்கள் விடுவதாக இல்லை. போன வாரம் வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது.

"அக்கா, வேலைய வுட்டுட்டா ரிட்டயர்டுதான். செவிலியர் தினத்துக்குச் சிறப்பு மலர் போடறோம். புதுசா வந்திருக்கிற பொண்ணுங்களுக்கு நீங்கதான் எழுதணும்."

பின்னாலிருந்து இன்னொருத்தி கத்துகிறாள்: "பயந்தாங்கொள்ளி கதையெல்லாம் எழுதுங்கக்கா!"

அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான். மறுக்க முடியாது. முதலில் வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். பிறகு அதை அழித்தேன். பிறகு சரி என்று அனுப்பிவிட்டு, ஏன் அனுப்பினோம் என்று யோசித்தேன். உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் ஆச்சரியம், கை நிற்க மாட்டேன் என்கிறது! வார்டு வாசனை, பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கும் வார்மரின் சூடு, குழந்தை அழுததும் எல்லார் தோளும் ஒன்றாகத் தாழ்வது என்று எல்லாம் ஓடி வருகிறது. எந்த ஊசி எப்போது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் எழுத வேண்டியதில்லை. ஒரு மனித உயிருக்கு என்ன மதிப்பு என்பது மட்டும் எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை. எனக்கே அது ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுதான் கொஞ்சம் புரிந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திண்டிவனத்தில் நர்சிங் படித்தேன். விடுதிச் சாம்பார், பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகியது, பரீட்சைக்கு முந்தைய வாந்தி, அவ்வளவுதான். அம்மாவும் நைனாவும் கூலிக்கு நடவு நட்டவர்கள். எங்கள் வீட்டில் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆள் நான். எதையாவது தப்பாகச் செய்து அத்தனை பேர் உழைப்பையும் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் படிப்போடு சேர்ந்தே வந்தது. ஊசி போட்டுவிட்டு வந்து, போட்டோமா என்று காலிக் குப்பியைத் தேடுவேன். குழந்தையின் கையில் பெயர்ப் பட்டையைக் கட்டிவிட்டு, திரும்பிப் போய் அம்மாவின் பட்டையோடு சேர்த்துப் படித்துப் பார்ப்பேன். தோழிகள் சிரிப்பார்கள்.

டாக்டர் மலர்விழி ஒரு நாளும் சிரித்ததில்லை. "பாக்கட்டும். பாக்கிறவங்கதான் எனக்கு வேணும்" என்பார். அவர் என்னைவிட வயதில் சின்னவர். நடை வேகம், செருப்புச் சத்தம் கேட்கும்போதே ஆள் கட்டிலருகே நிற்பார். "பெட் நம்பர் சொல்லாதீங்க, பேர் சொல்லுங்க" என்பதுதான் முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது. இரண்டாவது சட்டம் இன்னும் கடுமையானது: வார்டுக்குள் யாரும் "ஐயோ" என்றும் "பாவம்" என்றும் சொல்லக் கூடாது. "வாய்ல வந்துடுச்சின்னா தப்பில்ல. வராண்டாவுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. படுத்திருக்கிறவ காதுல விழக் கூடாது."

அவர் சாமி கும்பிடாதவர். அதை மறைக்கவும் மாட்டார், அதற்காக மற்றவர்களோடு மல்லுக்கு நிற்கவும் மாட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் இடுப்புக் கயிறு, தாயத்து, மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மற்ற இடங்களில் அதைக் கத்தரித்து ஒரு தட்டில் போட்டுவிடுவார்கள். டாக்டர் மலர்விழி அப்படிச் செய்ய விடமாட்டார். அவிழ்க்க வேண்டும், சுத்தமான துணியில் சுற்ற வேண்டும், அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே அவள் சொல்கிற ஆளிடம் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஜைனக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்தது. பொழுது சாய்ந்துவிட்டால் அவர்கள் வாயில் எதுவும் போட மாட்டார்கள். டாக்டர் காலையிலேயே எங்களிடம் சொல்லிவிட்டார்: "வெளிச்சம் இருக்கிறப்பவே கஞ்சி குடிக்க வைங்க. அப்புறம் டிரிப் போட்டுக்கலாமான்னு அவங்களையே கேளுங்க." நம்பாதவர் நம்பிக்கைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் சாமி கும்பிடுகிறவள். ஆனால் மற்றவர் தாயத்தை அப்படித் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்குமா? தெரியவில்லை.

பிரசவத்தில் ஒரு நடைமுறை உண்டு, புதியவர்கள் கவனியுங்கள். குழந்தை பிறந்து, சூடான துணியில் துடைத்து, அழுகை வந்து, கொடியை வெட்டியதும், குழந்தையைத் தூக்கி அம்மாவிடம் காட்டிக் கேட்க வேண்டும்: "இன்னா கொழந்த? சொல்லு." அவள் வாயால் சொல்ல வேண்டும். நாம் சொல்லக் கூடாது. மாறிப்போச்சு என்று பின்னால் சண்டை வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் டாக்டர் மலர்விழி கேட்டால் அது வேறு மாதிரி இருக்கும். மூன்றாவதாகவும் பெண் பெற்ற ஒருத்தி வாயைத் திறக்கவே இல்லை. டாக்டர் அவசரப்படவில்லை. குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி, "நான் நிக்கிறேன், நீ பாத்துட்டுச் சொல்லு" என்று நின்றார். கடைசியில் அவள் எரிச்சலோடு, "பொண்ணுதான், கண்ணு தெரியலயா?" என்றாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள்.

இனி செல்வி.

சிங்கவரத்துப் பெண். தலைப் பிரசவம். அம்மா இல்லாததால் அக்கா தனம் கூட வந்திருந்தார். கணவர் துபாயில். நான் அப்போது என் முதல் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன், வயிறு நன்றாகத் தெரிகிற மாதம். வீட்டில் என் மாமியார் தினமும் வாசல் வரை வந்து ஒன்றையே சொல்வார்: "ஊனமா பொறக்கிற புள்ளய மட்டும் பாத்துடாத கவிதா. வயித்துல இருக்கிறதுக்கு அந்தச் சாயல் உழும்." நான் தலையாட்டுவேன். பாடப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டுவேன்.

நல்ல வெயில் ஏறிய நேரத்தில் செல்விக்குப் பிரசவம் ஆனது. குழந்தை வந்தது, உடனே அழுதது. அப்படி ஒரு அழுகை! ஜன்னலுக்கு வெளியே மதிலில் உட்கார்ந்திருந்த குரங்குகூடத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் முகத்தைத் துடைத்தார். துடைத்த கை ஒரு கணம் நின்றது. மேலுதடு இடது மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே அண்ணமும் சேரவில்லை.

என் பக்கத்தில் நின்ற புதுப் பெண் "ஐ..." என்று தொடங்கினாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வராண்டாவிலிருந்து, சட்டப்படி, ஒரு "ஐயோ" கேட்டது.

நான் குழந்தையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செல்வி," என்றார் டாக்டர், "கொழந்த எவ்ளோ சத்தமா அழுவுது கேட்டியா? மேலுதடு மட்டும் ஒட்டாம இருக்குது. வாய்க்குள்ளயும் ஒரு பொளவு இருக்குது. ரெண்டையும் தெக்கலாம். உதட்ட சில மாசத்துல, உள்ள ஒரு வயசுகிட்ட. இப்ப காட்டறேன். இன்னா கொழந்தன்னு சொல்லு."

செல்வி பார்த்தாள். "பொண்ணு" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போவாத, உள்ளயே குந்துடின்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கேக்கல. மல்லாட்ட ஆயப் போனேன். அதான்." சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"வேர்க்கடல பறிக்கவா? கூலிக்கா?" என்றார் டாக்டர்.

"ஆமா."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நான் சாமி கும்பிடறதில்ல செல்வி. ஆனா ஒண்ணு கேக்கறேன். கூலிக்கு மல்லாட்ட ஆயப் போனவ புள்ளையோட உதட்டக் கிழிக்கிற அளவுக்கு அற்பமானதா நீ கும்பிடற சாமி? எனக்குத் தோணல. இது கருவுலயே சேராம போறது. ஊர்ல எத்தினியோ பேருக்கு ஆவுது. நீ ஒண்ணும் பண்ணல."

கேட்டது செல்வியிடம். அந்தக் கேள்வியை நான்தான் வாங்கிக்கொண்டேன். இன்று வரை வைத்திருக்கிறேன்.

அவளை வார்டுக்கு மாற்றினோம். அங்கே செல்வியின் கணவருடைய பெரியப்பா காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் சின்ன வெள்ளித் தம்ளர். எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் நல்ல பேர் வாங்கிய ஓர் ஆளைக் கூப்பிட்டு முதன்முதலாக நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொல்வார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. மருத்துவமனையில் நாங்கள் அதை அனுமதிப்பதில்லை. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது. அதைச் சொல்லத்தான் நான் அவரிடம் போனேன். அதற்குள் தனம் துணியை விலக்கிக் குழந்தையைக் காட்டிவிட்டார்.

பெரியவர் பார்த்தார். தம்ளர் தானாகவே சட்டைப் பைக்கு அருகே போனது.

"அனந்தபுரத்துல ஒரு ஜோலி. மறந்தே பூட்டேன்" என்றார். "வேற யாரையாவது வெச்சி... நான் வெச்சி, அப்புறம் என்னால ஆச்சின்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு."

"பொறந்தப்புறம் வெக்கிறதால பொறக்கறதுக்கு முன்னாடி ஆனது எப்படி மாமா ஒங்களால ஆவும்?" என்றார் தனம்.

"அதில்ல தனம்..."

"போங்க மாமா, போங்க. ஒங்க கொணம் எங்க புள்ளைக்கு வந்துடக் கூடாதுன்னுதான் ஒங்களுக்கு ஜோலிய அனுப்பியிருக்குது சாமி."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். பெரியவர் போய்விட்டார். ஆனால் தனம் முகத்தில் சிரிப்பு இல்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அண்ணம் பிளந்த குழந்தைக்கு மார்பில் உறிஞ்ச வராது. வாய்க்குள் காற்றுப் பிடிக்காது. குதிகாலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்த்தோம், இறங்கிக்கொண்டிருந்தது. சீம்பாலைக் கையால் பீய்ச்சி, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொடுக்க வேண்டும், உடனே. செல்வியிடம் கேட்டேன். அவள் சுவரையே பார்த்தபடி இருந்தாள். தனம் பீய்ச்சினார், செல்வி கையைத் தட்டிவிடவில்லை, உதவவும் இல்லை. பாலாடையின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் சேர்ந்தது.

"புள்ளய மடியில வாங்கிக்கோடி" என்றார் தனம்.

"எனக்கு வேணாங்க்கா. எங்கயாவது குடுத்துடு."

அதை அவள் கத்திச் சொல்லவில்லை. கடையில் வேண்டாத சாமானைச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டரைத் தியேட்டருக்குக் கூப்பிட்டார்கள். போகிற வேகத்தில் என் முன்னால் நின்றார். என் வயிற்றையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். அவருக்கு எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் தெரியும்.

"கவிதா சிஸ்டர், பாலாடை நீங்க குடுக்கணும். பயமா இருந்தா சொல்லுங்க, வேற ஆளைப் போடறேன். பயப்படறது தப்பில்ல. ஆனா இப்பவே சொல்லணும்."

வேண்டாம் என்றுதான் சொல்ல வாய் வந்தது. வயிற்றில் குழந்தை புரண்டது. என்னுடையது வாய் சேர்ந்திருக்கிறதா, ஸ்கேனில் சரியாகப் பார்த்தார்களா, பார்க்காமல் விட்டிருப்பார்களா, இப்போது நான் பார்த்தால்... எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. அப்போது டாக்டர் செல்வியிடம் கேட்ட கேள்வி எனக்குள் திரும்பியது. நான் தினம் விளக்கேற்றுகிற சாமி, பசித்த பிள்ளைக்குப் பால் கொடுத்ததற்காக என் பிள்ளையின் வாயைப் பிளக்குமா? அப்படிச் செய்கிற ஒன்றை நான் ஏன் கும்பிட வேண்டும்? செய்யாது என்றால், நான் ஏன் தரையைப் பார்க்கிறேன்?

"நான் குடுக்கறேன் மேடம்" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: அப்புறம் உங்கள் குழந்தை எப்படிப் பிறந்தது? நன்றாகப் பிறந்தாள். இப்போது எல்கேஜி போகிறாள், வாய் ஓய்வதே இல்லை. ஆனால் அதை நான் சாட்சியாகச் சொல்ல மாட்டேன். வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு உறுத்தியது. அவளுக்கும் உதடு பிளந்து பிறந்திருந்தால்? அப்போது நான் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தது தப்பாகிவிடுமா? ஆகாது. உதடு ஒட்டியிருந்தாலும் ஒட்டாவிட்டாலும் என் மகள் என் மகள்தான். இதை எழுதும்போதே மடியிலிருப்பவன் மூக்கருகே விரல் போகிறது, தொட்டுத் தொட்டுப் பார்க்கிற என் குணம் போகவில்லை. ஆனாலும் இது சரி என்று எனக்குத் தெரிகிறது.

குழந்தையைத் தலை உயர, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் முகத்தை நேராகப் பார்த்தேன். உதடு எனக்கு முதலில் தெரியவில்லை. கண்கள்தான் தெரிந்தன. என்னைத் தேடவில்லை; வெளிச்சத்தை, சத்தத்தை, பாலை, எதையோ முழு மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தன. தன்னிடம் ஒரு குறை இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது! பிறந்திருக்கிறோம், பசிக்கிறது, கொடுங்கள் என்கிறாள். அதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன தகுதி வேண்டும்?

தனம் பக்கத்தில் வந்து நின்றார். "சக்கரத் தண்ணி கூடாதுன்னா வேணாம். பாலாவது ஒரு ஆள் கையால மொதல்ல வெக்கட்டும். நீயே வைம்மா. ஒன் கொணம் வரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் கொணமா? வேணாங்க்கா. நான் வீட்டப் பூட்டிட்டு, பாதி தெரு போய், திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாக்கறவ."

"பூட்டு தெறந்தா கெடந்துது?"

"ஒரு நாளும் இல்ல."

"அப்புறம் இன்னா? வை."

பாலாடையின் மூக்கைப் பிளவு இல்லாத பக்கம், கடைவாயோரம் வைத்தேன். ஒரு சொட்டு. நாக்கு அசைந்தது. காத்திருந்தேன். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள்! "முழுங்கிட்டா!" என்று நானே கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு சொட்டு. இன்னொன்று. அந்தச் சந்தோஷத்தில் என் கை கொஞ்சம் கூடச் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. குழந்தை தும்மியது, பால் மூக்கு வழியாக வந்தது.

இப்படிப்பட்ட குழந்தைக்கு அது நடப்பதுதான், துடைத்துவிட்டு நிதானமாகக் கொடுத்தால் போதும். அதை நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இன்னாங்க இப்படி ஊத்தறீங்க? மூக்குல ஏறுது பாருங்க! மூச்சு வுட வுட்டுக் குடுங்க."

செல்வி. சுவரை விட்டு எப்போது திரும்பினாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முழங்கையை ஊன்றி எழுந்திருந்தாள். தையல் வலியில் முகம் சுளித்திருந்தது. கண் என் கையில் இருந்தது.

"மாசமா இருக்கிறவங்க, கை ஓஞ்சி போயிருக்குது போல. குடுங்க இங்க."

தனம் வாயைத் திறந்தார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் மூடிக்கொண்டார். இருவரும் செல்வியைத் தாங்கி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, மடியில் குழந்தையை நிமிர்த்தி வைத்தோம். பாலாடையை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று ஒரே ஒருமுறை காட்டினேன். என்னைவிட மெதுவாகச் சாய்த்தாள். ஒவ்வொரு சொட்டுக்கும் தொண்டையைப் பார்த்தாள். பாலாடை காலியானதும் தனத்தைப் பார்த்து, "நின்னுகினு இருந்தா வருமா? இன்னும் பீச்சணும், கிண்ணத்த எடு" என்று அதட்டினாள்.

அப்போது மறுபடி ஃபோன் அடித்தது. குழந்தை பிறந்ததிலிருந்தே துபாயிலிருந்து வீடியோ கால் வந்துகொண்டிருந்தது. தனம் அதை வெட்டி வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். இந்தமுறை செல்வி, "எடு" என்றாள்.

தனம் எடுத்தார். "இன்னா ஆச்சி, ஏன் கட் பண்றீங்க?" என்று கணவர் பதறுகிறார். தனம் செல்வியின் முகத்தைக் காட்டினார், வார்டைக் காட்டினார், கூரையில் சுற்றும் மின்விசிறியைக் கூடக் காட்டினார். "பாப்பா எங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தனம் குழந்தையின் கால் பக்கம் ஃபோனைத் திருப்பி, துணியை ஓரமாக விலக்கி, பாதத்தைக் காட்டினார்.

"கால இன்னாத்துக்குக் காட்டற?" என்றாள் செல்வி. "மொகத்தக் காட்டுக்கா."

தனத்தின் கை நகரவில்லை. செல்வி ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஃபோனை வாங்கித் தானே முகத்துக்கு நேரே பிடித்தாள். "இன்னா ஆச்சி வாய்க்கு?" என்று அந்தப் பக்கத்தில் குரல் உயர்ந்தது.

"பொண்ணு," என்றாள் செல்வி. "கண்ணு ஒங்களுது. உதட்ட தெச்சிக்கலாமாம். பால் குடிச்சிகினு இருக்குது, சத்தம் போடாதீங்க."